பிரசவத்துக்குன்னு வாங்குன பந்து: கோத்தகிரி குளிர்ல 5 வாரம் உக்காந்து பாத்துட்டு எழுதுறேன்

ஜிம்ல காத்தடிச்சு வச்சிருக்குற பெரிய பந்து தான், மாசமா இருக்கறவங்க உக்கார்றதுக்கு வாங்குறது. இந்த பந்த தேடுறவங்கள்ல பாதி பேரு என்ன மாதிரி தான் இருப்பீங்க. 38 வாரம் தாண்டியாச்சு, வலி வரல, வீட்டுல எல்லாரும் கேக்குறாங்க, இதுல உக்காந்து குதிச்சா வலி வந்துரும்னு யாரோ வீடியோ போட்டிருக்காங்க, சரி வாங்கித்தான் பாப்போமேன்னு. அதனால முக்கியமானத மொதல்லயே சொல்லிடுறேன். பந்து வலிய வர வைக்காது. எனக்கு வர வைக்கல. ஆனா வாங்குனதுக்கு நான் ஒரு நாள் கூட வருத்தப்படல. ரெண்டுமே உண்மை தான், ஏன்னு விவரமா எழுதுறேன், பாப்பா தூங்குற நேரமா பாத்து விட்டு விட்டு எழுதுனது, அங்கங்க முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

நான் வாக்கப்பட்டது திருப்பூர். தலைப்பிரசவம்ங்கிறதால வளைகாப்பு முடிஞ்ச கையோட கோத்தகிரிக்கு அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். டேட் குடுத்தது ஜனவரி கடைசி. வீடு டவுனத் தாண்டி தேயிலைத் தோட்டத்த ஒட்டி இருக்கு, காட்டிட்டு இருந்த ஆஸ்பத்திரி குன்னூர்ல. கட்டபெட்டு போயி வண்டிச்சோலை வழியா இறங்கணும், பகல்லயே முக்கா மணி நேரம் ஆகும், ராத்திரி பனி இறங்கிட்டா எவ்வளவுன்னு சொல்ல முடியாது. இத ஏன் சொல்றேன்னா, சமவெளில இருக்கறவங்களுக்கு "வலி வந்தா ஆஸ்பத்திரிக்கு போ" அவ்வளவு தான். மலையில இருக்கறவங்களுக்கு வலி எப்ப வரும், எந்த நேரத்துல வரும்ங்கிறதே தனி பயம்.

34 வாரத்துல முதுகுத்தண்டு முடியற எடத்துல, உக்கார்ற எலும்பு கிட்ட, அப்படி ஒரு வலி. சேர்ல 10 நிமிஷம் உக்கார முடியல. டாக்டர் கிட்ட சொன்னப்ப அங்க இருந்த பிசியோ மேடம் தான் ஜிம்ல இருக்குமே பெரிய பந்து, அத வாங்கி சேருக்கு பதிலா அதுல உக்காரும்மான்னு சொன்னாங்க. வலி வர்றதுக்குன்னு அவங்க சொல்லவே இல்ல, இடுப்புக்குன்னு தான் சொன்னாங்க. வலி வர்றதுக்குன்னு நானா மனசுல வச்சுக்கிட்டேன்.

ஆன்லைன்ல 849 ரூபாக்கு ஆர்டர் போட்டேன், கம்பெனி பேரு வேண்டாம். சைஸ்ல தான் மொத தப்பு. நான் 5 அடி 2 அங்குலம். இந்த உயரத்துக்கு 55 சென்டிமீட்டர் போதும், 5 அடி 4க்கு மேல இருக்கறவங்களுக்கு தான் 65. பெருசா இருந்தா வயித்தோட உக்கார வசதியா இருக்கும்னு நெனச்சு 65 வாங்கிட்டேன். முழுசா காத்தடிச்சு உக்காந்தா குதிகால் தரையில படல, விரல் நுனில நிக்குது. அப்படி உக்காந்தா இடுப்பு லேசாகாது, தொடை எல்லாம் இறுகிக்கும். உக்காந்தா ரெண்டு பாதமும் முழுசா தரையில பதியணும், இடுப்பு முட்டிய விட கொஞ்சூண்டு மேல இருக்கணும். முட்டி மேல போச்சுன்னா பந்து சின்னது இல்லன்னா காத்து கம்மின்னு அர்த்தம். நான் காத்த கொறைச்சு சமாளிச்சேன், கொஞ்சம் பொத பொதன்னு இருந்துச்சு, ஆனா பாதம் பதிஞ்சுது.

கூட வந்த பம்ப் ரெண்டாவது நாளே போச்சு. கால்ல மிதிக்கிற பம்ப், குழாய் சேர்ற எடத்துல பிச்சுக்கிட்டு வந்துருச்சு, பந்து பாதி ஊதுன நெலமையில கெடக்கு. தம்பி அத அப்படியே கையில தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் கடைக்கு போனான். அங்க இருக்குற குழாய் முனை இந்த ஓட்டைக்கு சேரல. அந்த அண்ணன் யாருக்குப்பா இதுன்னு கேட்டிருக்காரு, அக்காவுக்கு, மாசமா இருக்குன்னு இவன் சொன்னதும், பழைய சைக்கிள் டியூப்ல விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, குழாய் முனையில சொருகி, சணல் சுத்தி கட்டி, அதுக்குள்ள காத்த ஏத்தி குடுத்திருக்காரு. காசு வாங்கல. அந்த டியூப் துண்டையும் குடுத்து விட்டாரு, வீட்டுல சைக்கிள் பம்ப் இருந்தா இத மாட்டி அடிச்சுக்கோங்கன்னு. கடைசி வரைக்கும் அத வச்சு தான் அடிச்சோம். கம்பெனிக்கு பம்ப் பத்தி எழுதுனேன், 3 வாரம் கழிச்சு "உங்கள் புகார் பெறப்பட்டது"ன்னு ஒரு மெசேஜ், அதோட சரி. பம்புக்காகவே ஒரு ஸ்டார கொறைக்கிறேன்.

மலையில இருக்கறவங்க இன்னொண்ணு தெரிஞ்சுக்கணும். மத்தியானம் நல்லா இறுக்கமா காத்தடிச்சு வச்சா காலையில தொட்டா தொள தொளன்னு இருக்கும். ஓட்டைன்னு பயந்துட்டேன், சோப்பு தண்ணி தடவி எல்லாம் பாத்தோம், ஓட்டை இல்ல. குளிர்ல உள்ள இருக்குற காத்து சுருங்குது, அவ்வளவு தான். ராத்திரி 8, 9 டிகிரிக்கு போகும்போது அப்படித்தான் இருக்கும், வெயில் வந்து ரூம் சூடானா தானா பழைய மாதிரி ஆயிரும். தொள தொளன்னு இருக்குன்னு காலையில காத்தடிச்சீங்கன்னா மத்தியானம் ரொம்ப இறுகிடும். அதே மாதிரி புது பந்துக்கு மொத நாளே முழுசா அடிக்காதீங்க, முக்காவாசி அடிச்சு ஒரு நாள் விட்டுட்டு மறுநாள் மீதிய அடிங்க, ரப்பர் இழுபட்டு பழகணும்.

ரொம்ப முக்கியமானது சாக்ஸ். நம்ம ஊர்ல டிசம்பர் ஜனவரில வீட்டுக்குள்ள சாக்ஸ் இல்லாம யாரும் இருக்க மாட்டோம். சாக்ஸோட டைல்ஸ் தரையில இந்த பந்துல உக்காந்தீங்கன்னா கால் வழுக்கும், பந்து பின்னாடி ஓடும். எனக்கு ஒரு தடவ அப்படி ஆச்சு, நல்ல வேளை பின்னாடி கட்டில் இருந்துச்சு, அதுல சாஞ்சு தப்பிச்சேன். அன்னைக்கு ராத்திரி பூரா பாப்பா அசையுதா அசையுதான்னு வயித்துல கைய வச்சுட்டே முழிச்சிருந்தேன். அதுக்கப்புறம் செவுத்து மூலையில யோகா மேட் விரிச்சு அது மேல பந்து, வெறுங்கால், எந்திரிக்கும்போதும் உக்காரும்போதும் அம்மா கைய புடிச்சுக்குவாங்க. குளிர் தாங்காதவங்க அடியில ரப்பர் புள்ளி வச்ச சாக்ஸ் வாங்கிக்கோங்க. தனியா இருக்கும்போது உக்காரவே வேண்டாம்.

இப்ப இதுல உக்காந்து என்ன பண்றதுன்னா, குதிக்கிறது இல்லைங்க. இடுப்ப வட்டமா சுத்துறது, முன்னாடி பின்னாடி ஆட்டறது, எட்டு போடறது. அப்புறம் தரையில முட்டி போட்டு பந்து மேல கைய மடக்கி தலைய சாச்சு வயித்த தொங்க விடறது. இந்த முட்டி போடறது தான் எனக்கு சொர்க்கம். அம்மா பின்னாடி உக்காந்து இடுப்பு எலும்ப உள்ளங்கையால அழுத்துவாங்க, 9 மாச பாரமும் முதுக விட்டு எறங்கி போன மாதிரி இருக்கும். 2 வாரத்துல அந்த உக்கார்ற எலும்பு வலி பாதியா கொறஞ்சுது, ராத்திரி தூக்கம் வந்துச்சு. 849 ரூபா அதுக்கே சரியா போச்சு.

இனி வலி வர வைக்கிற கதைக்கு வர்றேன், ஏன்னா எல்லாரும் கேக்குறது அத தான்.

டேட் தாண்டுன மறுநாள்ல இருந்து போன். திருப்பூர்ல இருந்து அத்தை, காரமடையில இருந்து பெரியம்மா, கூட படிச்சவங்க, எல்லாரும் ஒரே கேள்வி, இன்னும் ஆகலையா. பாசத்துல தான் கேக்குறாங்க, ஆனா ஒரு நாளைக்கு 8 தடவ கேட்டா நம்ம உடம்புல ஏதோ கோளாறுன்னு நமக்கே தோணிரும். எனக்கு அழுகையா வரும். டாக்டர் சொன்னது இது: டேட்ங்கிறது கடைசியா தலைக்கு குளிச்ச மொத நாள்ல இருந்து 280 நாள் கூட்டி போடற ஒரு கணக்கு, அதே தேதில பொறக்குறது 100ல 5 கொழந்த இருந்தா பெருசு. 2013ல அமெரிக்க மகப்பேறு டாக்டர்கள் அமைப்பு பிரிச்சு வச்சதே, 39 வாரத்துல இருந்து 40 வாரம் 6 நாள் வரைக்கும் தான் முழு மாசம், 41 ஆனா தான் லேட், 42 தாண்டுனா தான் காலம் கடந்ததுன்னு. உலக சுகாதார நிறுவனம் மருந்து வச்சு வலி வர வைக்கலாம்னு சொல்றதும் 41 வாரம் ஆனவங்களுக்கு. அத கேட்டதும் தான் எனக்கு மூச்சு வந்துச்சு. டேட் தாண்டி 2 நாள் ஆன ஒருத்தி இத படிச்சுட்டு இருந்தீங்கன்னா உங்க உடம்புல ஒரு தப்பும் இல்லைங்க, அழாதீங்க.

நடந்தா வலி வரும்னு எல்லாரும் சொன்னாங்க. நடக்குறது நல்லது தான், நடந்ததால எனக்கு வலி வரல. அதுவும் இங்க சாயங்காலம் 5 மணிக்கு மேல நடக்க முடியாது. தோட்டத்துக்குள்ள கரடி இருக்கு, காட்டெருமை ரோட்டோரம் வந்து நிக்கும், மாசமா இருக்குறவ ஓட முடியுமா. அதனால காலையில 10 மணி வெயில்ல அம்மாவோட அரை மணி நேரம். பக்கத்துல ஒரு பெரியம்மா, எஸ்டேட்ல வேலை பாத்தவங்க, நான் 9ஆம் மாசம் வரைக்கும் கொழுந்து பறிச்சேன் சாமி, மலைச்சரிவுல ஏறி எறங்குனேன், எனக்கும் டேட் தாண்டி 10 நாள் கழிச்சு தான் பொறந்துச்சுன்னாங்க. நடக்குறதால தானா வலி வரும்னா அவங்களுக்கு 7ஆம் மாசமே வந்திருக்கணும். அந்த ஒரு வார்த்தை எனக்கு பெரிய ஆறுதல்.

பேரீச்சம்பழம் 36 வாரத்துல இருந்து தினம் 6 சாப்பிட்டேன். இதுக்கு மட்டும் கொஞ்சம் ஆதாரம் இருக்கு. 2011ல ஜோர்டான்ல ஒரு ஆய்வு வந்துச்சு, கடைசி 4 வாரம் தினம் 6 பழம் சாப்பிட்ட 69 பேர்ல 96 சதவீதம் பேருக்கு தானா வலி வந்துச்சு, சாப்பிடாத 45 பேர்ல 79 சதவீதம். சின்ன ஆய்வு தான், இத வச்சு சத்தியம் பண்ண முடியாது, ஆனா பழம் தான, கெடுதல் இல்ல, மலச்சிக்கலுக்கும் நல்லது. ஆனா மாசமா இருக்கும்போது சுகர் வந்தவங்க டாக்டர கேக்காம சாப்பிடாதீங்க. குளுக்கோஸ் 75 கிராம் கரைச்சு குடிக்க குடுத்து 2 மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்கல்ல, அதுல 140 இல்ல அதுக்கு மேல வந்திருந்தா உங்களுக்கு தினம் 6 பேரீச்சம்பழம் சரிப்படாது.

அன்னாசி, பப்பாளி எல்லாம் விடுங்க. அன்னாசி தின்னு வாய் புண்ணானது தான் மிச்சம்.

விளக்கெண்ணெய் பத்தி மட்டும் நிறுத்தி நிதானமா சொல்லணும். எங்க அம்மிச்சிக்கு, அம்மாவோட அம்மாவுக்கு, 82 வயசு. 40 வாரம் ஆனதும் ரெண்டு கரண்டி விளக்கெண்ணெய பால்ல ஊத்தி குடி கண்ணு, அந்த காலத்துல எல்லாரும் அப்படித்தான்னு காலையில சாயங்காலம் ரெண்டு வேளையும் சொல்லுவாங்க. எனக்கும் ஒரு நாள் ஆசையா தான் இருந்துச்சு. ஆனா எங்க சித்தி பொண்ணு ரெண்டு வருஷம் முன்னாடி குடிச்சு என்ன ஆச்சுன்னு நான் கூட இருந்து பாத்தேன். ராத்திரி பூரா பேதி, வாந்தி, காலையில எந்திரிக்க தெம்பில்லாம ட்ரிப்ஸ் ஏத்துனாங்க, பிரசவ வலி வரவே இல்ல, இது வேற வலி. அது ஏன்னு டாக்டர் சொன்னாங்க. விளக்கெண்ணெய்ல இருக்குற ஒரு அமிலம் குடலையும் கர்ப்பப்பையையும் ஒண்ணா புடிச்சு சுருங்க வைக்கும். அதனால சில பேருக்கு வலி வரவும் செய்யும், ஆனா எவ்வளவு வரும், எவ்வளவு வேகமா வரும்னு யாரு கையிலயும் இல்ல. உடம்புல தண்ணி வத்தி, அதோட 20 கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவுல போறத நெனச்சு பாருங்க. வேண்டவே வேண்டாம்ங்க, கையெடுத்து கும்பிட்டு கேக்குறேன். அம்மா திருக்கருகாவூர்ல கர்ப்பரட்சாம்பிகை கோயில்ல வாங்கி வச்சிருந்த விளக்கெண்ணெய் இருந்துச்சு, அத அடிவயித்துல லேசா தடவி விட்டாங்க. அம்மிச்சிக்கும் மனசு நெறஞ்சுது, எனக்கும் தான்.

மார்க்காம்ப தூண்டுனா வலி வரும்னு சொல்றது சும்மா இல்ல, அதுல உடம்பு சுரக்குற ஆக்ஸிடாசினும் ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ்ல வலிக்கு ஏத்துறதும் ஒண்ணு தான். அதனாலயே டாக்டர் வீட்டுல நீயா பண்ணாதன்னாங்க, சில நேரம் கர்ப்பப்பை விடாம சுருங்கி கொழந்தையோட துடிப்பு கொறையலாம், பாத்துக்க ஆள் வேணும். வீட்டுக்காரரோட சேந்து இருக்குறது பத்தியும் கேட்டேன், கூச்சப்படாம கேளுங்க, அவங்க தெனமும் கேக்குற கேள்வி தான் அது. ரத்தம் படல, பனிக்குடம் உடையல, நஞ்சுக்கொடி கீழ இல்லன்னா தப்பில்ல, வலி வரும்னு உறுதி இல்லன்னாங்க. நம்ம பாட்டிங்க சொல்ற சீரக கஷாயம் வலிய வர வைக்கிறதுக்கு இல்ல, அது சூட்டு வலியா நெஜ வலியான்னு பாக்குறதுக்கு. வறுத்த சீரகம், கொஞ்சம் கருப்பட்டி போட்டு கொதிக்க வச்சு சூடா குடிச்சுட்டு படுத்தா சூட்டு வலி அடங்கிரும், நெஜ வலி அடங்காது. எனக்கு 39ல ஒரு ராத்திரி அடங்கிருச்சு. சீரகத்தோட வேலையோ, தண்ணி குடிச்சு படுத்ததோ, அடங்குச்சு.

40 வாரம் 4 நாள்ல செக்கப் போனப்ப டாக்டர் உள்ள கைய விட்டு பாத்து 13க்கு ஒரு மார்க் போட்டாங்க. 1964ல பிஷப்னு ஒரு டாக்டர் கொண்டு வந்த கணக்காம். கர்ப்பப்பை வாய் எவ்வளவு தெறந்திருக்கு, எவ்வளவு மெலிஞ்சிருக்கு, கெட்டியா மெதுவா, முன்னாடி வந்திருக்கா பின்னாடி இருக்கா, தலை எவ்வளவு எறங்கியிருக்குன்னு அஞ்சையும் கூட்டுவாங்க. எனக்கு 5. 6க்கு கீழன்னா இன்னும் பக்குவம் ஆகலன்னு அர்த்தம். அப்ப தான் எனக்கு புரிஞ்சுது, நான் நடந்து, பந்துல சுத்தி, பழம் தின்னு, இத்தன நாளா வெளிய இருந்து தட்டிட்டு இருந்த கதவு உள்ள இருந்து தான் தெறக்கும். பந்து தலை எறங்க எடம் குடுக்கலாம், அந்த வாய பழுக்க வைக்காது.

ஒரு விரல் போற அளவு தெறந்திருந்ததால பனிக்குட சவ்வ வெரலால சுத்தி விலக்கி விட்டாங்க, ஸ்வீப்பிங்ம்பாங்க. வேணுமா வேண்டாமான்னு கேட்டுட்டு தான் செஞ்சாங்க. வலிச்சுது, ஒரு நிமிஷம் தான், ஆனா நல்லாவே வலிச்சுது, ரெண்டு நாள் லேசா ரத்தக்கறை. 41 ஆனா அட்மிட் ஆயிடு, வலி வர்றதுக்கு ஜெல் வச்சு பாப்போம், அதுவரைக்கும் கொழந்த அசைவ மட்டும் எண்ணுன்னாங்க. எங்க ஏரியா நர்ஸ் அக்காவும் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இத தான் சொல்லுவாங்க, சாப்பிட்டுட்டு இடது பக்கம் ஒருக்களிச்சு படு, 2 மணி நேரத்துல 10 அசைவு வரணும், எப்பவும் இருக்கறத விட கொறஞ்சா ராத்திரியோ பகலோ கெளம்பிரு, காலையில பாத்துக்கலாம்னு இருக்காதன்னு. வலி எப்ப வரும்னு தேடுற நேரத்துல பாதிய இந்த எண்ணிக்கைக்கு குடுங்க.

40 வாரம் 6 நாள். ராத்திரி 12:40க்கு இடுப்புல இருந்து முன்னாடி சுத்தி ஒரு வலி. சீரக கஷாயம் குடிச்சு படுத்தேன். அடங்கல. 15 நிமிஷத்துக்கு ஒண்ணு, அப்புறம் 10, அப்புறம் 8. பந்து அதோட வேலைய காட்டுனது இங்க தான். கட்டிலுக்கு முன்னாடி பந்து, அதுல உக்காந்து கட்டில் மேல தலகாணில தலைய சாச்சுக்கிட்டேன், ஒவ்வொரு வலி வரும்போதும் இடுப்ப சுத்துனேன், அம்மா பின்னாடி அழுத்துனாங்க, வலி போனதும் அப்படியே கண்ணு சொருகும், பந்து மேலயே தூங்குனேன், திரும்ப வலி. ஜன்னல் கண்ணாடி பூரா ஆவி படிஞ்சிருந்துச்சு, அம்மிச்சி கம்பளிய போத்திட்டு ஓரமா உக்காந்து எதுவும் பேசாம என் பாதத்த ரெண்டு கையாலயும் புடிச்சு சூடு பண்ணிட்டே இருந்தாங்க, வெறுங்கால்ல. 3 மணி நேரம் அப்படி போச்சு. படுத்தா தாங்க முடியல, பந்துல தாங்குச்சு. இத என்னால எழுத்துல சரியா சொல்ல முடியல, இதுக்காகவே வாங்குங்கன்னு தான் சொல்வேன்.

5 நிமிஷத்துக்கு ஒரு வலி, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம், ஒரு மணி நேரம் அப்படியே இருந்தா கெளம்பலாம்னு பொதுவா சொல்றாங்க. மலையில அது வரைக்கும் காத்திருக்காதீங்க. எங்களுக்கு 7 நிமிஷம் ஆனப்பவே சித்தப்பா கார எடுத்துட்டாரு. கட்டபெட்டு கிட்ட பனி, முன்னாடி வெள்ளக்கோடு கூட தெரியல. வண்டிச்சோலைக்கு முன்னாடி ஒரு காட்டெருமை ரோட்டுக்கு குறுக்கால நின்னுச்சு, ஹாரன் அடிக்க கூடாது, லைட்ட கொறைச்சுட்டு அது போற வரைக்கும் நின்னோம், 10 நிமிஷம் இருக்கும், அந்த 10 நிமிஷத்துல ரெண்டு வலி. போயி சேந்தப்ப 5:10. 4 சென்டிமீட்டர் தெறந்திருக்குன்னாங்க. காலையில 11:20க்கு பொண்ணு, 2 கிலோ 900, சுகப்பிரசவம்.

வலி எதுனால வந்துச்சுன்னு கேட்டா, டாக்டர் ஸ்வீப்பிங் ஒதவியிருக்கலாம், இல்ல நேரம் வந்து வந்திருக்கலாம்னாங்க. பந்து கம்பெனி போட்டிருக்குற "இயற்கையாக பிரசவ வலியை தூண்டும்"ங்கிற வரிய நான் ஒத்துக்க மாட்டேன். அத நம்பி வாங்குன பொண்ணு வலி வரலன்னா அடுத்து விளக்கெண்ணெய்க்கு தான் போவா. அந்த வரிக்கும் சேத்து தான் ஸ்டார் கொறையுது. இடுப்பு வலிக்கும் பிரசவ வலிய தாங்குறதுக்கும்னு போடட்டும், அது உண்மை.

ஆஸ்பத்திரில ஒரே ஒரு வருத்தம். பந்த காத்து எறக்கி பையில கொண்டு போயிருந்தோம், லேபர் வார்டுல அனுமதிக்கல, எந்திரிச்சு நடக்கவும் விடல, படுத்தே இருன்னாங்க. வீட்டுல தாங்குன அதே வலி அங்க மல்லாக்க படுத்தப்ப ரெண்டு மடங்கா தெரிஞ்சுது. உலக சுகாதார நிறுவனம் 2018ல குடுத்த வழிகாட்டுதல்லயே வலி நேரத்துல நடமாட, நிமிந்து இருக்க விடணும்னு இருக்கு. வலி வர்றப்ப சண்ட போட முடியாதுங்க. 36 வாரத்துலயே கேட்டு வச்சுக்கோங்க, நடக்க விடுவீங்களா, பந்து கொண்டு வரலாமா, கூட அம்மா இருக்கலாமான்னு.

நஞ்சு கீழ இருக்கறவங்க, ரத்தம் படறவங்க, பனிக்குடம் உடைஞ்சவங்க, கொழந்த தலை திரும்பாதவங்க, டாக்டர் ரெஸ்ட் சொன்னவங்க பந்துல உக்காராதீங்க, மொதல்ல கேளுங்க. முன்ன சிசேரியன் ஆனவங்க வலி வர வைக்கிறேன்னு வீட்டுல எதையும் செய்ய கூடாது, பழைய தையல் எடம் தாங்காது. எங்க டாக்டர் இத திரும்ப திரும்ப சொன்னாங்க, அதனால நானும் சொல்றேன்.

5க்கு 3 ஸ்டார் பந்துக்கு. இந்த கம்பெனி தான்னு இல்ல, எந்த கம்பெனினாலும் ஆன்டி பர்ஸ்ட்னு போட்டிருக்கறதா பாத்து வாங்குங்க, ஓட்டையானாலும் டமார்னு வெடிக்காம மெதுவா காத்து எறங்கும். எடை தாங்குற அளவு அட்டையில இருக்கும், மாசமா இருக்குற எடைய வச்சு பாருங்க. பம்ப் வீட்டுல இருந்தா பம்ப் இல்லாத பாக்கெட்டா வாங்குங்க, 150 ரூபா கொறையும்.

தையல் ஆறுன பெறகு பாப்பாவ மார்ல சாச்சுக்கிட்டு அதே பந்துல மெதுவா ஆடுனா 5 நிமிஷத்துல தூங்கிருவா, அது நான் எதிர்பாக்காத லாபம். இப்ப ரெண்டு வாரமா பந்து எங்க வீட்டுல இல்ல. மேல் வீட்டு படுகர் அக்காவோட மருமகளுக்கு 35 வாரம், 5 அடி 5 இருப்பா, அவளுக்கு 65 சரியா இருக்கு. டியூப் துண்டு, யோகா மேட், பந்தோட காத்து ஓட்டைய அடைக்கிற சின்ன வெள்ளை மூடி ரெண்டு, எல்லாம் ஒரு கவர்ல போட்டு குடுத்திருக்கேன். மூடி ஒண்ணு தொலைஞ்சா தனியா எங்கயும் கெடைக்காது, நாங்க தேடி பாத்துட்டோம், அதனால ரெண்டாவத பீரோவுல வச்சிருன்னு சொல்லியிருக்கேன்.